மாப்பிள்ளை பெயின்ட் அடித்த படகு

கப்பலில் ஏறியதும் புதுப் பெயின்ட் வாசம் மூக்கில் அடித்தால் எனக்கு எரிச்சல் வரும். கூட வேலை செய்தவர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். கப்பலைக் கவனமாக வைத்திருக்கிறார்கள் என்பார்கள். நான் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவன். ஆள் பார்க்க வருகிற நேரத்தில் சுவர் எதற்காக வெள்ளையாகிறது என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

எங்கள் தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து வீஏ வருவார். தோட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று கம்பெனிக்காகப் பார்த்துச் சொல்கிற பெரிய துரை அவர். அவர் வருகிறார் என்று தெரிந்தால் ஒரு கிழமைக்கு முன்பே ரோட்டோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ரோட்டைப் பார்த்த லயத்துக்கு முன்சுவர் மட்டும் பளிச்சென்று ஆகும். கூரை ஒழுகினால் ஒழுகிக்கொண்டே இருக்கும். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைமடுவத்தில் தொட்டில்களுக்குப் புதுத் துணி கட்டுவார்கள். ஜீப் திரும்பிப் போனதும் துணி அலுமாரிக்குப் போய்விடும். இதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. துரையிலிருந்து வாசல் கூட்டுகிறவர் வரை எல்லோரும் அதை வருகிறவருக்குச் செய்யும் மரியாதையாகத்தான் நினைத்தோம். வீட்டுக்கு ஆள் வந்தால் பாயைத் தட்டிப் போடுவது மாதிரி.

நான் இரத்தினபுரியில் மெக்கானிக் வேலை படித்து, சில வருஷம் கப்பல்களில் இயந்திர அறையில் வேலை செய்துவிட்டு, கொழும்பில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். கப்பல்களைப் பரிசோதிப்பதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். கப்பல்காரரின் ஆளும் இல்லை, அரசாங்கத்தின் ஆளும் இல்லை. சரக்கு அனுப்புகிறவர்களோ காப்புறுதிக் கம்பெனியோ கேட்டால் போய்ப் பார்த்து, தீயணைக்கும் பம்ப் ஓடுகிறதா, உயிர்காப்புப் படகு இறங்குகிறதா என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்போம். இன்ஸ்பெக்டர் வேலை என்று தோட்டத்தில் போய்ச் சொன்னதும் பொலிஸ் என்று நினைத்துக்கொண்டு ஒரு பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு எவ்வளவு விளக்கினாலும் அவருடைய பயம் போகவில்லை. நான் அவரிடம் விளக்குவதை விட்டுவிட்டேன்.

போர் நடந்த காலம் அது. துறைமுக வாசலில் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எந்த வத்தை, அதாவது எந்தத் தோட்டம் என்று சிங்களத்தில் கேட்பார்கள், நானும் சிங்களத்திலேயே சொல்வேன். றக்வானைப் பக்கம் வளர்ந்தவனுக்குச் சிங்களம் கடைக்குப் போய் வந்தே பழகிய பாஷை. அந்தக் கேள்விக்குப் பழகிவிட்டாலும் கோபம் மட்டும் பழகவில்லை. ஒவ்வொரு நாளும் புதிதாகத்தான் வந்தது.

என் தங்கச்சியைத் தோட்டத்திலேயே கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்தவர். நல்ல மனுஷன், சொன்ன வேலைக்கு மேலே ஒரு வேலை செய்கிற ரகம். எனக்குப் பிறகு தோட்டத்திலிருந்து கடலுக்குப் போன ஆள் அவர்தான். ஒரு ஏஜென்டைப் பிடித்து, கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் மாலைத்தீவுக்கும் ஓடுகிற ஒரு பழைய சரக்குக் கப்பலில் தளத்து வேலைக்குச் சேர்ந்தார். தங்கச்சிக்கு அந்த வேலைதான் எல்லாம். மாப்பிள்ளை இரண்டு மூன்று வருஷம் கப்பலில் நின்றால் லயத்தை விட்டு இறங்கி, இரத்தினபுரியில் வாடகைக்கு வீடு பார்த்து, பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்பது அவளுடைய கணக்கு. மலையில் கொழுந்து பறிக்கும்போது பக்கத்து நிரைக்காரிகளிடம் இதைச் சொல்லாத நாளே கிடையாது.

போர்நிறுத்தம் வந்த பிறகு ஒருநாள், அந்தக் கப்பலுக்குச் சரக்குக் காப்புறுதி செய்த கம்பெனி எங்களைக் கூப்பிட்டது. கப்பலில் என் தங்கச்சி மாப்பிள்ளை வேலை செய்கிறார், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். மற்ற ஆள் காலித் துறைமுகத்தில் வேறு கப்பலில் இருந்தார். கப்பல் உன் மச்சானுடையது இல்லையே, அவர் அங்கே தளம் கழுவுகிறவர்தானே, போய்ப் பார்த்ததை எழுது என்று முதலாளி சொல்லிவிட்டார். இதற்குள் தங்கச்சிக்கும் எப்படியோ விஷயம் தெரிந்து றக்வானைக் கடையிலிருந்து போன் பண்ணினாள். அண்ணன் பார்க்கிற கப்பல், இனிக் கவலை இல்லை என்று சிரித்தாள். சரியாக இல்லாவிட்டால் சரியில்லை என்றுதான் எழுதுவேன் என்றேன். அதையும் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

கப்பல் பழையதென்றாலும் மோசமில்லை. பம்ப் ஓடியது, கதவுகள் இறுக்கமாக மூடின. படகுத் தளத்துக்கு ஏறினதும் அந்த வாசம் வந்தது. உயிர்காப்புப் படகு செம்மஞ்சள் நிறத்தில் மின்னியது. அதைத் தூக்கிப் பிடிக்கிற இரண்டு இரும்புக் கைகளும் வெள்ளை வெளேரென்று நின்றன. கம்பிக் கயிறு ஓடுகிற கப்பிகள், கப்பிகளின் அச்சு, கிரீஸ் ஏற்றுகிற சின்ன வாய்கள், பிரேக் பிடி, எல்லாவற்றுக்கும் தடிப்பாகப் பெயின்ட். அசைய வேண்டிய ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. பக்கத்தில் உயிர்காப்பு அங்கி மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை நின்றார். அவர் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. முகத்தில் மட்டும் ஒரு பெருமை ஒளிக்க முடியாமல் தெரிந்தது.

படகை இறக்கிக் காட்டச் சொன்னேன். கப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட் தலையை ஆட்டியதும், வழக்கப்படி படகுக்குள் உட்கார்ந்து இறங்க இரண்டு பேர் தயாரானார்கள். மாப்பிள்ளை முதல் ஆளாக ஒரு காலைப் படகுக்குள் வைத்துவிட்டார். ஆள் இல்லாமல் வெறும் படகை இறக்குங்கள் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். மேட்டுக்கு அது பிடிக்கவில்லை. எல்லாத் துறைமுகத்திலும் ஆளோடுதான் இறக்குகிறோம், இங்கே மட்டும் என்ன புதுச் சட்டம் என்று முணுமுணுத்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. படகுக்குள் இருந்த காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எறங்குங்க மாப்பிள்ளை," என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. மேட் தமிழ்நாட்டுக்காரர். திரும்பி என்னை ஒருமுறை, மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தார். மாப்பிள்ளை இறங்கி வந்து ஓரமாக நின்றார்.

பிரேக்கைத் தூக்கினார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் சம்மட்டியால் தட்டினார். முன்பக்கத்துக் கை பெயின்ட் உடைகிற சத்தத்தோடு சரிந்து இறங்கியது. பின்பக்கத்துக் கை அசையவே இல்லை. படகு மூக்குக் குப்புறத் தொங்கி, கப்பலின் பக்கத்தில் மோதி, அப்படியே நின்றது. உள்ளே இருந்த துடுப்புகளும் தண்ணீர்ப் பீப்பாவும் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு துறைமுகத் தண்ணீரில் விழுந்தன. கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

யார் பெயின்ட் அடித்தது என்று கப்டன் கேட்டார். மாப்பிள்ளை ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல் கையைத் தூக்கினார். அதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் மாப்பிள்ளை மேல் இல்லை. அடித்தவன் புதியவன். அடித்த பிறகு கப்பி உருள்கிறதா என்று பார்க்க வேண்டியவர் மேட். அந்தப் பொறுப்பு அவருடையது, சம்பளமும் அதற்குத்தான். ஆனால் அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தானும் ஒரு பார்வையாளன் மாதிரி நின்றார்.

படகு இறங்கவில்லை, சரியாகும்வரை சரக்கு ஏற்ற வேண்டாம் என்று எழுதினேன். ஆளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை, எங்கள் தொழிலில் எழுதுவதும் இல்லை. பெயின்டைச் சுரண்டி, அச்சுகளைக் கழற்றி, கிரீஸ் போட்டு, மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை படகு இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்கித் தண்ணீரைத் தொட்டது. சரி என்று எழுதிவிட்டு ஏணியால் இறங்கினேன். கீழே மாப்பிள்ளை தன் பையோடு நின்றார். அவரைக் கப்பலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மேலேயிருந்து மேட் எட்டிப் பார்த்து, "நல்ல மச்சான்யா உனக்கு," என்றார்.

மாப்பிள்ளையை நான்தான் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸில் அவர் பையை மடியிலேயே வைத்திருந்தார். பெல்மதுளையில் இறங்கித் தேத்தண்ணி குடித்தோம். றக்வானை பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"எங்களுக்கு வேல சொல்ற போசன் படக தொடைக்கத்தான் மச்சான் சொன்னாரு. நீங்க வாறீங்கன்னு ஏஜென்ட் சொன்னதும், நம்ம ஆளு வாறாரு, பாக்க நல்லா இருக்கட்டும்னு நான்தான் ஒரு எடம் விடாம அடிச்சேன்."

எனக்குத் தாங்க முடியாத துக்கம் வந்தது. தோட்டத்தில் வளர்ந்த எவனும் அதைத்தான் செய்திருப்பான். கடலுக்குப் போகாமல் இருந்திருந்தால் நானும் செய்திருப்பேன். அசைகிற பொருளுக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று அவருக்கு விளக்கத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தங்கச்சி அழவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு, வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக் களத்துக்குப் போய்விட்டாள். பக்கத்து நிரைக்காரிகள் என்ன கேட்டார்களோ, இவள் என்ன சொன்னாளோ தெரியாது. அதற்குப் பிறகு நான் லீவில் போகும்போதெல்லாம் சோறு போடுவாள், என் முகத்தைப் பார்க்க மாட்டாள். மாமாவுக்கு இன்னும் குழம்பு வேணுமா கேளு என்று மகளிடம்தான் சொல்லுவாள். நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இப்படிப் பல மாதம் போனது.

ஒருநாள் ஆபீசுக்கு அவளிடமிருந்து போன் வந்தது. ஏஜென்ட் மாப்பிள்ளைக்கு வேறொரு கப்பல் பிடித்துவிட்டார். கப்பல் தூத்துக்குடியில் நிற்கிறது, அங்கே போய் ஏற வேண்டும். சந்தோஷத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நல்ல காரியம், உடனே அனுப்பு என்றேன்.

"அண்ணே, அந்தக் கப்பல நீங்க பாத்தீங்களா?"

தூத்துக்குடியில் நிற்கிற கப்பலை நான் எப்படிப் பார்ப்பது? யாராவது எங்களைக் கூப்பிட்டால்தான் போக முடியும், சும்மா போய் ஏற முடியாது, அங்கேயும் என்னைப் போலப் பார்க்கிற ஆட்கள் இருப்பார்கள், கப்பலுக்குப் பேப்பர் எல்லாம் இருக்கும் என்று விளக்கினேன்.

"மொதக் கப்பலுக்கும் பேப்பர் இருந்துச்சு தானே," என்றாள். "நீங்க பாக்காத கப்பல்ல இவரு ஏற வேணாம்."

இரத்தினபுரி வீட்டையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் அவளுக்கு நினைவுபடுத்தினேன். கத்தியும் பார்த்தேன். அவள் மசியவில்லை. மாப்பிள்ளையிடம் போனைக் கொடு என்றேன். அவர் எடுத்து, அவ சொன்னா சரிதான் மச்சான் என்று மட்டும் சொன்னார். ஏற்கெனவே கட்டியிருந்த பையைப் பிரித்து, சட்டைகளை மறுபடி கொடியில் போட்டாராம். பிறகு ஸ்டோரிலேயே பழைய வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இனி வேறு ஆள் பார்ப்பதாக ஏஜென்ட் சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷம் அந்தத் தூத்துக்குடிக் கப்பல் கொழும்புக்கு வந்தது. பார்க்கப் போனவன் நான்தான். அன்றைக்குத் தேவைக்கு அதிகமாகவே பார்த்தேன். கப்பிகளைக் கையால் உருட்டினேன், கம்பிக் கயிற்றை விரலால் தடவினேன், படகை இரண்டு முறை இறக்கச் சொன்னேன். ஏதாவது ஒரு குறை அகப்பட வேண்டும் என்று மனசு வெட்கமில்லாமல் ஆசைப்பட்டது. ஒன்றுமே இல்லை. நான் பார்த்த நல்ல கப்பல்களில் அது ஒன்று.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது இதைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தங்கச்சி தானாகவே அந்தக் கப்பலைப் பற்றிக் கேட்டாள். வந்தது, பார்த்தேன், ஒரு குறையும் இல்லை, போயிருக்கலாம் என்றேன். மாப்பிள்ளை அங்கேயே உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"இப்பதானே பாத்தீங்க," என்றாள் தங்கச்சி. "அப்ப பாக்கலையே."

பார்த்த அன்றைக்கு உள்ளதை மட்டும்தான் நானும் எழுதுகிறேன், என் தொழிலே அதுதான். மாப்பிள்ளை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஸ்டோர் சங்கு ஊதியது. சட்டையை மாட்டிக்கொண்டு, வாறேன் மச்சான் என்று சொல்லிவிட்டு வேலைக்கு இறங்கிப் போனார்.