கட்சாலுக்கு ஒரு பரதேசி

காலை ஆறு மணிக்குப் போர்ட் பிளேர் துறைமுகத்தில் கப்பலேறினேன். கையில் அனுமதிச் சீட்டு, பையில் உளி, சாக்கில் சுற்றிய பதினைந்து கிலோ கல்லறைக் கல். கட்சால் தீவு அங்கிருந்து தெற்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல். பிறந்தது தூத்துக்குடிக் கடற்கரை, பிழைப்பு போர்ட் பிளேரின் ஷாதிபூரில் கல்லில் எழுத்து வெட்டுவது. வேதத் தமிழில், அதாவது கிறிஸ்தவச் செபங்களின் தமிழில், என்னை அசைக்க ஆள் கிடையாது என்று அன்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

கட்சால் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த சவரிமுத்து இறந்து ஒரு வருடம். நான் கப்பலேறியதிலிருந்து மூன்றாம் நாள் அவருக்கு ஆண்டுப் பூசை. அன்றே கல்லை மந்திரித்து வைக்க வேண்டும். அவர் மனைவி செபஸ்தியம்மாள் போனில், "நல்ல வார்த்தையா நீங்களே வெட்டுங்க தம்பி" என்று சொல்லியிருந்தார். வெட்டினேன்: 'சவரிமுத்து என்னும் பரதேசி இங்கே இளைப்பாறுகிறார்.' ஆன்மா இவ்வுலகில் வழிப்போக்கன், அதன் வீடு பரலோகம். எங்கள் செபங்களில் பரதேசி என்றால் அதுதான் பொருள்.

பத்து மணிக்குச் சாக்கை விலக்கிப் பார்த்த கப்பல் ஊழியர் சிரித்தார். போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட் பகுதித் தமிழர்.

"அரே அண்ணே, செத்த ஆளை இப்படியா திட்டுவாங்க?"

"கோயிலுக்குப் போய்ப் பாருங்க, புரியும்" என்றேன் மிடுக்காக.

மறுநாள் பகல் ஒரு மணிக்குக் கட்சால். செபஸ்தியம்மாள் கல்லை விரலால் தடவிப் படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"சிலோன்லருந்து அனுப்புனப்பவும் எங்களுக்கு இந்தப் பேருதான் தம்பி. மெயின்லேண்ட்ல எறங்குனப்பவும் இதேதான். இங்க வந்து ரப்பர் மரம் வச்சப்புறம்தான் அவரு ஒரு ஊர்க்காரரு. செத்தும் பரதேசியா? இந்தக் கல்லு வேணாம்."

விடுவேனா? ஆன்மாவின் பயணத்தை அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அவரு வீட்டுக்குப் போயாச்சா?"

"போயாச்சும்மா."

"வீட்டுக்குப் போனவரு எப்படித் தம்பி பரதேசி?"

என்னை அசைக்க ஆள் கிடைத்துவிட்டார். வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. கல்லைத் திருப்பிப் போட்டு உளியை எடுத்தேன். இருட்டுவதற்குள் முடிந்தது: 'கட்சால் சவரிமுத்து. வீடு சேர்ந்தார்.' ஊர்ப்பெயரை முதலில் போடச் சொன்னவர் செபஸ்தியம்மாள்தான். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் கல்லைப் பதித்தோம். பழைய வரி மண்பக்கம் போயிற்று.

திரும்பும் கப்பலிலும் அதே ஊழியர்.

"என்ன அண்ணே, உங்க பரதேசியைக் கொண்டுபோய் விட்டாச்சா?"

"அவரு அந்த ஊர்க்காரராம்" என்றேன். "பரதேசி இதோ, டிக்கெட்டோட நிக்கிறான்."