ஈரத்தில் ஒட்டிய பெயர்

கிரேசிக்கு மீன்பிடிக்கத் தெரியாது. கடற்கரையில் பிறந்து, வள்ளம் வைத்திருந்த வீட்டில் வளர்ந்து, ஒரு சாளையைக்கூட அவள் தன் கையால் பிடித்ததில்லை. ஆனாலும் 2013க்குப் பிறகு சில வருடங்கள், திருவனந்தபுரத்திலும் கொல்லத்திலும் பாறைமேல் நின்று தூண்டில் வீசுகிற டாக்டர்களும் இன்ஜினியர்களும் அவள் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

அவள் கதையை எங்கே தொட்டாலும் சுனாமியில் போய் முட்டும். 2004இல் அப்பாவின் வள்ளம் போயிற்று. அதற்குப் பிறகு அப்பா இருந்தது பேருக்குத்தான். கடலைப் பார்த்து உட்கார்ந்தே காலத்தைக் கழித்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். கிரேசி புதுக்கடையில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணக் கார்டு, சர்ச்சில் பிள்ளைகளின் புதுநன்மைக்குக் கார்டு, சாவுப் போஸ்டர் என்று ஊர்க்காரர்களின் பெயரெல்லாம் அவள் விரல்வழியாகத்தான் அச்சுக்குப் போனது. தம்பி ஷிபுவைப் படிக்கவைத்ததும் கத்தாருக்கு ஏற்றிவிட்டதும் அந்த வேலைதான். அவளைத் தேடிவந்த வரன்கள், அவன் ஒரு நிலைக்கு வரட்டும் என்ற பேச்சிலேயே திரும்பிப் போயின.

ஷிபு திரும்பி வந்தபோது ஒரு தொழிலோடு வந்தான். கத்தாரில் தூண்டில் சாமான் விற்கிற கடையில் நின்றவன், ஆளின் உயரத்துக்கும் கைக்கும் ஏற்றபடி தூண்டில் கம்பு செய்யப் படித்திருந்தான். வெறும் கார்பன் கம்பை வரவழைத்து, தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களை நூலால் இறுக்கிக் கட்டி, மேலே எப்பாக்சிப் பசை பூசி, ஒழுகாமலிருக்கச் சின்ன மோட்டாரில் மெல்லச் சுழலவிடுவான். பார்க்கக் கண்ணாடிபோல இருக்கும். பெயர் எழுதுவதுதான் அவனுக்கு வரவில்லை. வாங்குகிறவர்களுக்கோ கம்பில் செய்தவன் பெயர் வேண்டும்.

"இது டாக்டருக்க கம்பா, டாக்டர் எழுதின மருந்துச் சீட்டா மக்கா?" என்று கிரேசி கேட்டாள்.

"நீ சிரிக்காத. அறியுமெங்கி நீ செய்து காட்டு."

அவள் செய்து காட்டினாள். டெக்கால் என்று ஒரு தாள் உண்டு. அதில் பெயரை அச்சடித்து, மேலே கிளியர் ஸ்பிரே அடித்து, ஒட்ட வெட்டித் தண்ணீரில் போட்டால், கொஞ்ச நேரத்தில் எழுத்து மட்டும் ஈசல் சிறகுபோல ஒரு படலமாகத் தாளைவிட்டு நழுவும். நழுவும்போதே அதைக் கம்புக்கு மாற்றி, அடியில் நிற்கிற தண்ணீரை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்ற வேண்டும். கருப்புக் கம்பில் கருப்பு எழுத்து தெரியாதென்று, பிடிக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு ஷிபு மஞ்சள் பெயின்ட் அடித்துக் கொடுத்தான். எத்தனையோ படலம் கிழிந்து, சுருண்டு, விரலில் ஒட்டிப் போன பிறகு ஒன்று நேராக உட்கார்ந்தது.

"கம்பில பாதி உனக்க வேலைக்கா. அப்பம் பேரும் பாதி" என்றான் ஷிபு.

அவள் சென்டர் வேலையை விட்டாள். ஆங்கில எழுத்தில் ஷிபு, கிரேசி, நடுவே நகக்கண் அளவுக்கு ஓர் அயிலை மீன். அதுதான் அவர்கள் அடையாளம்.

அந்த அடையாளம் ஒட்டிய முதல் கம்பிலேயே அவசரப்பட்டார்கள். படலத்துக்கு அடியில் ஈரம் முழுக்கப் போகுமுன் ஷிபு பசை பூசிவிட்டான். விடிந்து பார்த்தால் எழுத்தின்மேல் பால் சிந்தினதுபோல வெள்ளை.

"அயிலைக்குக் கண்ணில புரை விழுந்துட்டு" என்று அம்மா சொல்ல, மூன்றுபேரும் சிரித்தார்கள். ஷிபு அந்தக் கம்பைத் தூக்கி அடுக்களை வாசலுக்கு மேலே மாட்டினான். "இத ஒருத்தனுக்கும் விக்கமாட்டேன். இது நமக்கு ஆதாரப் பத்திரம் மாதிரி."

அதற்குப் பிறகு ஈரம் பார்ப்பது கிரேசியின் வேலையாயிற்று. கொடியில் கிடக்கிற துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதுபோல, ஒட்டிய பெயரை மேலுதட்டில் வைத்துப் பார்ப்பாள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. விரலுக்கு ஏமாறத் தெரியும், உதடு ஏமாறாது. "காஞ்சாச்சாக்கா?" என்று ஷிபு கேட்பான். அவள் வாயிலிருந்து "ம்" வந்தால்தான் பசையைக் கலக்குவான்.

2016 ஜூன் மாதம் மழையோடு மழையாகக் கூரியர் வந்தது. ஷிபு தக்கலைக்குப் போயிருந்தான். அங்கே ஜான்ரோஸ் என்கிறவர் தூண்டில் கடை திறக்கிறார், பாதிக் கூட்டு இவன், சனிக்கிழமை திறப்பு. கிரேசி உறையைப் பிரித்தாள். பெங்களூரில் அச்சடித்த டெக்கால் தாள்கள். கருப்பின் மேலே நேராக ஒட்டுகிற தங்க எழுத்து. அவளுடைய மிஷினில் வராத நிறம். ஆசையாக இருந்தது. நிறத்தையே பார்த்தபடி ஒன்றை வெட்டித் தண்ணீரில் போட்டாள். தாளை விட்டுப் படலம் நழுவி மிதந்தபோதுதான் வாசித்தாள்.

ஷிபு.

அவ்வளவுதான். அயிலை இருந்தது. அயிலைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. மற்றத் தாள்களையும் விரித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அப்படித்தான்.

மத்தியானம் வந்தவன் சட்டையைப் பிழிந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு தாளைப் பார்த்தான்.

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்பம்? நான் ஒட்டி முடிச்ச பொறவா?"

"ஜான்ரோஸ் அண்ணன் சொல்லியாரு, ரெண்டு பேரு கிடந்தா கம்பெனி மாதிரி இல்லியாம். கல்யாணக் கார்டு மாதிரி இருக்காம்."

"நீ என்ன சொன்ன?"

ஷிபு துண்டால் தலையைத் துவட்டினான். துவட்டி முடிந்த பிறகும் துவட்டினான்.

"உனக்கு என்னத்துக்குக்கா கம்பில பேரு? நீ மீன் பிடிக்கவா போற?"

அவளுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். உள்ளங்கால் நனைந்ததுபோல ஒரு குளிர்ச்சிதான் வந்தது. அவன் கேட்டது விளையாட்டுக்குக்கூட இல்லை. அவனுக்கு நிஜமாகவே அது புரியவில்லை.

"எல்லாம் நமக்குள்ளதானே. சனியாழ்ச்சைக்குள்ள ஒட்டித் தந்திரு" என்றான்.

ஒட்டிக் கொடுக்க உட்கார்ந்தாள். ஏனென்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஷிபு வேலை முடித்துச் சாத்திவைத்திருந்த கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பெயரைத் தண்ணீரில் நழுவவிட்டு, உட்காரவைத்து, துணியால் ஒற்றி நிறுத்தினாள். தங்கம் கருப்பில் எடுப்பாகத்தான் தெரிந்தது. அதை அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

கடைசிக்கு முந்தின கம்பை எடுத்தபோது கை நின்றது. கைக்குத் தெரிந்த எடை. வளையங்கள் புதியவை, நூலும் புதியது. பிடியின் கார்க் கம்போடு சேரும் இடுக்கில், நகத்தின் ஓரத்தில் நிற்கிற மஞ்சள்போல ஒரு கீற்று பழைய மஞ்சள் பெயின்ட். கிரேசி எழுந்து போய் அடுக்களை வாசலை அண்ணாந்து பார்த்தாள். இரண்டு ஆணிகளும் வெறுமனே இருந்தன.

"அம்மா, இஞ்ச இருந்த கம்பு?"

"கடையில காட்சிக்கு வைக்க நல்ல நீளம்னு தம்பி எடுத்தானே. அன்னைக்கு முழுக்க முற்றத்துல இருந்து உரசியோண்டிருந்தான். உனக்கு அறியாதா?"

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். உரசிய இடத்தை விரலால் தடவினாள். வழுவழுவென்று, சுத்தமாக, ஒரு எழுத்தின் விளிம்புகூட மிச்சமில்லாமல் வேலை செய்திருந்தான். அந்தக் கம்பிலும் அவன் பெயரை ஒட்டினாள். மற்ற எதையும்விட அதுதான் நேராக வந்தது.

சாயங்காலம் ஷிபு பசைக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தான். வெளியே மழை விடவில்லை, சுவரே வியர்த்திருந்தது. அவன் தலை தூக்காமலே, எப்போதும்போல,

"காஞ்சாச்சாக்கா?" என்றான்.

கிரேசி கத்தரியையும் இடுக்கியையும் துணியையும் டப்பாவில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"உனக்க பேரு. நீ பாரு."

 அவன் விரலை நீட்டித் தொட்டான். விரலுக்குக் காய்ந்ததாகத்தான் இருந்தது. பசையைக் கலக்கினான்.

மறுநாள் காலையில் மோட்டார் நின்றபோது, எல்லாக் கம்பிலும் ஷிபு என்ற பெயர் பாலுக்குள் முங்கிக் கிடந்தது. கருப்பில் வெள்ளை கொஞ்சமும் ஒளியவில்லை.

"நீ பாத்துச் சொல்லியிருந்தா இப்பிடி வருமா? ஈரம்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சோண்டுதானே இருந்த? கூடப்பிறந்தவ செய்யுற காரியமா இது?"

"கம்பில ஒத்தப் பேருதானே மக்கா கிடக்கு" என்றாள் கிரேசி. "நான் யாருக்கு வேண்டிப் பாக்கணும்?"

 ஷிபு பிளேடை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்தான். கைக்கு முதலில் வந்தது அந்தப் பழைய கம்புதான். எதுவென்று அவன் கவனிக்கவில்லை. கிரேசி குடையும் டப்பாவுமாகப் புதுக்கடை பஸ்சுக்குக் கிளம்பியவள், படியில் நின்றுவிட்டாள். சென்டரில் பழைய நாற்காலி இருக்குமா என்று கேட்கப் போகிறாள், அதற்கு அவசரமில்லை.

பிளேடின் அடியில் பசை சுருள்சுருளாக வந்தது. வெள்ளை வந்தது. தங்க எழுத்து ஒவ்வொன்றாக உடைந்து வந்தது. அதற்கும் அடியில் தன் பெயர் இருக்கும் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

வெறும் கருப்புக் கம்புதான் இருந்தது. கிரேசி குடையை விரித்தாள்.