எந்தப் பென்ரோஸ்?

யூடோரா பென்ரோஸ் சனிக்கிழமை காலை ஃபூஃபூ கிண்டத் தொடங்கினால், அந்தப் புளித்த வாடை ஃப்ரீடவுனைத் தாண்டி, கடலைத் தாண்டி, அடுத்த நாட்டுக் கோனாக்ரியில் தூங்குகிறவனை எழுப்பி உட்கார வைக்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். ஊர் நடுவில் அந்தப் பெரிய இலவ மரம் நின்ற இடம்வரை போகும், அது நிச்சயம். மரம் விழுந்த பிறகு வாடைக்கு மறிப்பும் இல்லை.

முற்றத்தில் கல் அடுப்பு. அதன்மேல் கரிபிடித்த அண்டா. அண்டாவுக்குள் புளிக்க வைத்துக் கரைத்த மரவள்ளி மாவு. ஆள் உயரத் துடுப்பால் அவள் கிண்டுகிற நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேசினால் களி கட்டி தட்டும் என்பாள். பூப்போட்ட தொளதொள கவுன், இரு பக்கமும் முழங்கை வரை உள்ளே போகிற பைகள், காலில் நூல்வேலைச் செருப்பு. அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு சேற்றிலும் நிற்பாள், கோயிலிலும் நிற்பாள். தெருவில் பாதிப்பேர் அவளை சிசி யூடோரா என்பார்கள், அதாவது அக்கா. மீதிப்பேர் டீச்சர் என்பார்கள். ஒரு காலத்தில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் சம்பளத்தை மறந்துவிட்ட மாதங்களில் சும்மா ஒரு கைச்செலவுக்கு ஃபூஃபூ போட்டு விற்றாள். வகுப்பில் யாரும் கேட்காத பேச்சை இங்கே வரிசையில் நின்று கேட்டார்கள். சாக்பீஸை வைத்துவிட்டாள்.

புதிதாகச் சாப்பிட வருகிறவர்கள் செய்கிற தப்பு ஒன்றுதான். பெயரைக் கேட்டதும், "ஓ, ஜட்ஜ் பென்ரோஸ் குடும்பமா?" என்பார்கள். கரண்டி அப்படியே நிற்கும்.

"எந்தப் பென்ரோஸ்?" என்பாள் யூடோரா. அதற்குப் பதில் வரும்வரை தட்டில் புளிச்சக்கீரைக் குழம்பு விழாது.

எங்கள் ஊரில் இது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஆங்கிலேயக் கடற்படை அடிமைக் கப்பல்களைக் கடலில் மறித்து, அதிலிருந்தவர்களை இங்கே கொண்டுவந்து இறக்கிய காலத்தில், மலையோரக் கிராமம் ஒன்றுக்குப் பொறுப்பாக ஒரு பாதிரியார் இருந்தார். வந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, ஆளுக்கொரு பெயரும் குடும்பப் பெயரும் வைப்பது அவர் வேலை. முதலில் நின்ற சிலருக்கு யோசித்துத்தான் வைத்தார். பிறகு வெயில் ஏறியிருக்கிறது. மிச்ச வரிசை மொத்தத்துக்கும் தன் பெயரையே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். யொரூபா, இக்போ, காங்கோ என்று ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாதவர்கள் எல்லாம் மத்தியானத்துக்குள் பென்ரோஸ் ஆனார்கள்.

அதனால்தான் இங்கே பென்ரோஸ் வீட்டுப் பெண் பென்ரோஸ் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மலைமேல் பென்ரோஸ் டவுன் இருக்கிறது. கீழே பென்ரோஸ் தெரு இருக்கிறது, அது ஒரு உப்பு வியாபாரியின் பெயரில். பென்ரோஸ் பாலம் அதைக் கட்டிய கண்டிராக்டரின் பெயரில். அந்த மனிதர் கட்டிய வேறெதுவும் இப்போது நிற்கவில்லை. பென்ரோஸ் மண்டபம் மட்டும் ஜட்ஜ் பெயரில். ஒன்றுக்கொன்று சொந்தமில்லை, பந்தமில்லை. யூடோரா இவர்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறாள்: உப்புப் பென்ரோஸ், மணியடிக்கிற பென்ரோஸ், ஜெயில் பென்ரோஸ், கறுப்பங்கிப் பென்ரோஸ். ஜெயில் பென்ரோஸ்கள் மரியாதையானவர்கள், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பார்கள் என்பாள். கறுப்பங்கிப் பென்ரோஸ் என்றால் ஜட்ஜ் வகையறா. அவர்களைப் பற்றிக் கேட்டால் துடுப்பை எடுத்துக்கொள்வாள்.

தன்னைக் கோலாப் பென்ரோஸ் என்பாள். அவளுடைய பாட்டியின் தாய் கெசையா, வாயில் போட்டு மெல்லுகிற கசப்புக் கோலாக் கொட்டையைக் கூடை கூடையாக ஈர இலையில் பொதிந்து, கப்பலேறி காம்பியாவுக்குக் கொண்டுபோய் விற்றவள். அந்தக் கோலாவில்தான் வீடு எழுந்தது. கீழே செம்பாறைக் கல், மேலே பலகை மாடி, பலகைச் சன்னல்கள், தகரக் கூரை. ஊரில் பலகை வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து விறகாகிக்கொண்டிருக்க, இது மட்டும் இடுப்பில் கைவைத்த பெண்பிள்ளை மாதிரி நிற்கிறது. பென்ரோஸ் வீடு என்று ஊர் சொன்னது. எந்தப் பென்ரோஸ் என்று ஊர் கேட்காமல் விட்டதுதான் வினை.

போன மழையில்லாப் பருவத்தில் பழங்கட்டடங்களைக் காப்பாற்றப் புறப்பட்ட குழு ஒன்று வந்தது. சன்னலை அளந்தார்கள், படம் எடுத்தார்கள், ஃபூஃபூவும் சாப்பிட்டார்கள். போய்விட்டு மறுபடி வரும்போது வெள்ளைப் பளிங்கில் ஒரு பலகையோடு வந்தார்கள். "நீதிபதி பென்ரோஸ் இல்லம்" என்று அதில் வெட்டியிருந்தது. செலவு ஜட்ஜின் பேரன் ரெஜினால்டுடையது. லண்டனில் இருப்பவர், நல்ல துணி, மெல்லிய குரல். மாடியில் தாத்தாவின் நாற்காலியும் அங்கியும் வைத்து நினைவறை அமைப்பதாகச் சொன்னார். பலகை வீட்டுக்குப் பக்கத்தில் தீ ஆபத்து என்று குழுத் தலைவி சொன்னார். ஆகையால் அடுப்பு முற்றத்தை விட்டுப் போக வேண்டும். யூடோராவுக்குப் பின்பக்க அறை ஒன்றைத் தருவதாகவும் பெருந்தன்மையோடு சொன்னார்கள். அவள் வீட்டில், அவளுக்கு, ஓர் அறை.

நான் அந்தச் சமயம் அங்கே தட்டோடு உட்கார்ந்திருந்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஜட்ஜ் அந்த வீட்டுப் படியை மிதித்தவர் இல்லை. வாழ்நாள் முழுக்க மலைமேல் சர்க்கார் பங்களாவில் இருந்தார், அங்கேயே கண்ணை மூடினார். அவருக்கும் இந்த வீட்டுக்கும் இருந்த ஒரே தொடர்பை யூடோரா அப்போதே பேரனிடம் சொன்னாள்.

"எங்க பாட்டி நடைபாதையில கோலா வித்தாள்னு உங்க தாத்தா அபராதம் போட்டாரு. அது ஒண்ணுதான் அவரு எங்களுக்குச் செஞ்சது. அதுக்கா கல்லு?"

"ஆன்ட்டி, எப்படியிருந்தாலும் நாம எல்லாரும் பென்ரோஸ்தானே" என்றார் ரெஜினால்ட். அவர் கெட்டவரில்லை. வெளியூரில் வளர்ந்ததால், ஒரே பெயர் என்றால் ஒரே ரத்தம் என்று நம்புகிறவர். குழுவில் இருந்தவர்களோ இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவர்கள். அவர்களுக்கு என்ன வந்தது? ஜட்ஜ் பெயர் என்றால் அமைச்சர் வருவார், பத்திரிகை வரும். கோலாக்காரி பெயருக்கு யார் வருவார்கள்?

அவள் தடுத்துப் பார்த்தாள். ஆட்கள் ஏணி போட்டுக் கல்லை வாசலுக்குமேல் திருகிவிட்டுப் போனார்கள். அன்றுமுதல் யூடோரா வாசல் வழியாக வீட்டுக்குள் போகவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனாள், அந்தக் கல்லுக்கு அடியில் தலை குனிய மாட்டேன் என்று.

ரெஜினால்ட் எல்லாவற்றையும் முறைப்படி செய்ய ஆசைப்பட்டார். திறப்புவிழா அன்று முன்னோருக்கு அவுஜோ படையல் என்று ஊருக்குச் சொன்னார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். விழாவை யாரும் நடத்தலாம். அவுஜோ அப்படியில்லை. அந்த வீட்டு மண்ணில் குழி தோண்டி, அந்த வீட்டு இறந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சோறும் தண்ணீரும் கொடுத்து, கோலாவை உருட்டி அவர்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும்.

முற்றம் நிறைந்துவிட்டது. தட்டைப்பயறு, வடை, வாழைப்பழப் பொரியல், இறைச்சிக் குழம்பு எல்லாம் வந்தன. கூரையில் கழுகுகள் வந்து உட்கார்ந்தன. அவை வந்து தின்றால்தான் படையல் சேர்ந்ததாக அர்த்தம். கோயில் மணியடிக்கும் கிழவர் ஹோரஷியோ குழி அருகே குந்தி, தண்ணீர் ஊற்றி, "ஜட்ஜ் ஐயா, உங்க பேரன் வந்திருக்காரு, வந்து வாங்கிக்குங்க" என்றார். இரண்டு கோலாக் கொட்டைகளைப் பிளந்து நான்கு துண்டுகளையும் மண்ணில் உருட்டினார். இரண்டு நிமிர்ந்தும் இரண்டு கவிழ்ந்தும் விழுந்தால் சம்மதம். நான்கும் கவிழ்ந்தன.

கோலா மறுத்தால் கூடியிருப்பவர்கள் காரணம் தேட வேண்டும். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஜட்ஜுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, விஸ்கி ஊற்றுங்கள் என்றார் ஒருவர். ஊற்றினார்கள். கவிழ்ந்தது. அவர் நேரம் தவறினால் கோபிப்பார், விழா தாமதமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார்கள். கவிழ்ந்தது. குழுத் தலைவி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜட்ஜ் பெயர் காதில் விழும்போதெல்லாம் கூரைக் கழுகுகள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டன. நான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் நம்ப வேண்டும்.

எதிர்வீட்டு லெரினா என் பக்கத்தில் இருந்தாள். "அடுப்பாண்ட ஒருத்தி நிக்கிறாளே, அவளைக் கேக்கறது" என்று முணுமுணுத்தாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

ஹோரஷியோ நிமிர்ந்தார். அவருக்கும் தெரியாமலா இருந்தது? கூலி கொடுத்தவர் சொன்ன பெயரைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். இப்போது இறந்தவர்களே மறுத்துவிட்டதால் அவர் தைரியமாகக் கேட்டார்: "இந்த வீட்டு ஆள் யாரு?"

யூடோரா துடுப்போடு வந்தாள். களி ஒட்டிய துடுப்பு. கூட்டம் வழிவிட்டது.

"ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டி இன்னொருத்தர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா யாரு வந்து தொறப்பாங்க?" என்றாள். குரல் உயரவில்லை. "எங்க பாட்டியோட அம்மா கப்பல்ல வாந்தி எடுத்து எடுத்து வித்த காசு இந்தச் சுவத்துக் கல்லு. அவ கால்கட்டை விரல்ல நகம் இல்ல, கூடை விழுந்து போச்சு. அந்தக் காலை ஊனித்தான் இந்தப் படியைக் கட்டுனா. அவளுக்கு ஒரு வாய் தண்ணி ஊத்தல. அவ வாசல்ல, அவ பொண்ணுக்கு அபராதம் போட்டவன் பேரு."

குவளையை வாங்கித் தானே ஊற்றினாள். "கெசையா, நான்தான். வந்து சாப்பிடு. கூட்டத்தைப் பாத்து ஒதுங்கி நிக்காத, இது உன் வீடு."

ஹோரஷியோ உருட்டினார். இரண்டு நிமிர்ந்தன, இரண்டு கவிழ்ந்தன. கழுகுகள் இறங்கி வந்து குழியில் தின்ற வேகத்தில் ஒன்று குழுத் தலைவியின் தொப்பியையும் இறைச்சி என்று நினைத்துவிட்டது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். தலைவி தொப்பியைச் சரிசெய்துகொண்டு சமாதானம் பேச வந்தார். கல் வெட்டியாகிவிட்டது, அமைச்சர் வழியில் வந்துகொண்டிருக்கிறார், ஜட்ஜ் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் "கெசையா பென்ரோஸும் இங்கு வாழ்ந்தார்" என்று சேர்த்துவிடலாமே என்றார்.

"வாழ்ந்தாராமா?" என்றாள் யூடோரா. "கட்டுனவ, வந்து போன விருந்தாளியா?"

பதில் சொன்னது ரெஜினால்ட். அவர் கோலாத் துண்டுகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏணியைக் கொண்டுவாருங்கள் என்றார். தலைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல் இறங்கியது. அமைச்சர் வந்தபோது திறக்க எதுவும் இல்லை. வடை தின்றுவிட்டுப் போனார். யூடோரா அன்று முன்வாசல் வழியாக உள்ளே போனாள். இன்றும் வாசலுக்குமேல் திருகாணி ஓட்டைகள்தான் இருக்கின்றன. புதுக் கல் வெட்டித் தருவதாகக் குழு சொல்லிக்கொண்டிருக்கிறது, சொல்லிக்கொண்டே இருக்கிறது. அடுப்பு அதே முற்றத்தில் எரிகிறது.

அந்தப் பளிங்குக் கல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். யூடோரா அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நேரே கடற்கரைக்கு நடந்து, படகுக்காரர்கள் எல்லாம் எழுந்து நிற்க, அலைக்கு அப்பால் வீசியெறிந்தாள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்து மீன்கள் வலையில் சிக்கினால் சட்டம் பேசுகின்றன.

இவ்வளவையும் எழுதி, பயறு உரித்துக்கொண்டிருந்த லெரினாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கை நிற்கவில்லை.

"கடல்லயா? அவ்வளவு நல்ல கல்லை யாராவது கடல்ல போடுவாங்களா? இன்னைக்குக் காலைலகூடப் பாத்தேனே. ஈர மாவைச் சாக்குல கட்டி, தண்ணி வடியட்டும்னு அதைத்தான் மேல பாரமா வெச்சா. எழுத்து கீழ பாக்க. வெச்சுட்டு, அது மேலயே ஏறி உக்காந்து பல்லு குத்திக்கிட்டிருந்தா."