மஸ்கட்டுக்குப் போன மெசேஜ்

போன வாரம் என் அக்கா மகள் நிலாவோடு திருத்துறைப்பூண்டி பக்கம் போயிருந்தேன். கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போட, தினமும் வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்பும் வேலை அவளுக்கு. கொஞ்சம் கெஞ்சல், கொஞ்சம் அதட்டல் — ஆளை வழிக்குக் கொண்டுவரும் டெக்னாலஜியாம்!

யாருக்குப் போனை எவ்வளவு கையாளத் தெரியும் என்று முதலிலேயே ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறார்கள். அதில் ஷமீமா என்ற பெண்ணுக்குத்தான் கடைசி இடம். ஆப் இறக்கத் தெரியுமா? தெரியாது. மெசேஜ் வந்தால் படிப்பீர்களா? மாட்டேன். பாஸ்வேர்டு? வெறும் சிரிப்பு.

நிலாவுக்கு அவளை நினைத்துத்தான் கவலை. முதல் குழந்தை தங்கவில்லை. இப்போது ஆறாம் மாதம். உடம்பில் ரத்தமே இல்லை, இப்படியே போனால் பிரசவம் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷமீமாவோ குமட்டுகிறது என்று மாத்திரையை வாய்க்காலில் போட்டுக்கொண்டிருந்தவள்.

போய்ப் பார்த்தால்... முகம் தெளிந்திருக்கிறது. ரத்தம் ஏறியிருக்கிறதாம்!

"மெசேஜ் எல்லாம் பாக்குறீங்கதானே?" நிலாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்ன மெசேஜ்? எனக்கு ஒண்ணும் வரலீங்களே."

விசாரித்தால், பதிவு செய்யும்போது அவள் கொடுத்தது கணவர் ரஹீமின் நம்பர். அவர் மஸ்கட்டில் கொத்தனார். சிரிக்காதீர்கள்... உங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் யார் நம்பரில் பதிவாகியிருக்கிறது?

ஆக, 'அன்புத் தாயே, மாத்திரை போட்டாச்சா?' என்ற கெஞ்சலெல்லாம் தினமும் மஸ்கட்டில் கட்டடச் சாரத்தின் மேல் நிற்கும் ஒரு மனிதருக்குப் போயிருக்கிறது! அதைப் பார்த்ததும் அவர் உடனே இவளைக் கூப்பிட்டுவிடுவாராம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வீடியோ கால். "ஷமீ, என் கண்ணு முன்னாடி போடு." அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள். "போட்டுட்டேன் மச்சான்." அந்தப் பக்கம் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கால் முடிந்ததும் நிலா சொன்னாள்: "உங்க நம்பருக்கே மாத்திடுறேங்க."

"ஐயையோ, மாத்திடாதீங்க! முதல் புள்ளை போனப்ப பக்கத்துல இல்லாம போயிட்டேனேன்னு இன்னும் அழுவுறாரு. இந்தப் புள்ளைக்கு அங்கேருந்து அவரால செய்ய முடியுறது இது ஒண்ணுதாங்க."

நிலா மாற்றவில்லை. டெஸ்டில் மட்டும் ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறாள்: 'யார் சொன்னால் கேட்பீர்கள்?'

எனக்குப் பதில் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. உங்களுக்கு?