பாரிஸ் ஏ.டி.எம்.மில் என் பிரெஞ்சு

பத்தாம் வகுப்போடு நின்றுபோன பிரெஞ்சை வைத்துக்கொண்டு, மனைவியின் கண்ணெதிரே ஓர் ஏ.டி.எம். இயந்திரத்திடம் நான் பந்தா காட்டினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பாரிஸிலிருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்புமுன், வெளிநாட்டில் பணம் எடுத்தால் வங்கி பிடிக்கும் கட்டணத்தில் ஒரு காசுகூடத் தருவதில்லை என்று சபதமெடுத்திருந்தேன். பாண்டிச்சேரி ரெட்டியார்பாளையத்தில் உட்கார்ந்து ஒரு மாதம் ஆராய்ந்து, கட்டணமே இல்லாத கார்டாகப் பார்த்து வாங்கினேன்.

பாரிஸில் இயந்திரம் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"இங்கிலீஷ அமுக்குங்க" என்றாள் மனைவி.

"பாண்டிச்சேரிக்காரன் பாரிஸ்ல வந்து இங்கிலீஷ அமுக்குறதா?" என்று பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்து ஒரு நீளமான கேள்வி வந்தது.

"என்னவாம்?"

"சும்மா மரியாதைக்கு ஏதோ கேக்குது" என்று சொல்லிவிட்டு, 'ஆமாம்' என்பதை அழுத்தினேன்.

வீட்டில் ரசீதைப் படித்த அக்காதான் விளக்கினாள். எடுக்கும் யூரோவை இங்கேயே ரூபாய்க் கணக்காக மாற்றி உங்கள் வங்கிக்கு அனுப்பட்டுமா, மாற்றுவிலை நாங்கள் வைப்பதுதான் என்று இயந்திரம் கேட்டிருக்கிறது. நானும் தாராளமாகச் சம்மதித்திருக்கிறேன். வங்கியிடம் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகவே அந்த மாற்றுவிலையில் அது உருவிக்கொண்டது.

"உனக்குப் பிரெஞ்சு தெரியும்னு ஊர்ல ஒருத்தரும் நம்பலடா" என்றாள் அக்கா. "அந்த மெஷின்தான் பாவம், நம்பிடுச்சு."