ஆறு பேருக்கு ஒரு யாப்பு

எங்கள் ஆட்களின் நான்கு சங்கங்களுக்கு யாப்பு, அதாவது சட்டதிட்டம், எழுதியிருக்கிறேன். மூன்று உடைந்துவிட்டன. நான்காவது, உடைவதற்குப் போதிய ஆட்கள் இல்லாத காரணத்தால் இன்னும் ஒன்றாக இருக்கிறது. ஜேர்மனியின் கொலோனில் முப்பது வருடம் இருந்துவிட்ட ஒரு யாழ்ப்பாணத்தான், ஆறு பேர் ஓரிடத்தில் கூடியிருப்பதைக் கண்டால் அவன் கை தன்பாட்டில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எழுதத் தொடங்கிவிடும். இதற்கு மருந்து இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் அந்த மருந்துக்கும் ஒரு சங்கம் அமைத்திருப்போம்.

ஐந்தாவது யாப்பு என் மகளுக்காக எழுதியது.

நான் ஒரு வட்டார மக்கள் நிலையத்தில் ஹவுஸ்மைஸ்டராக இருக்கிறேன். எங்கள் ஊரில் சனசமூக நிலையம் என்போமே, அதுதான். பத்திரிகைகளுக்குப் பதிலாக இங்கே தீயணைப்புக் கருவிகள் அதிகம். பூட்டு, குழாய், மின்குமிழ், வெப்பமூட்டி எல்லாம் என் பொறுப்பு. கீழ்த்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில், யாரும் கேட்காத அறை ஒன்று இருந்தது. நிலையத்தின் சமையலறையைப் பார்ப்பவர் என் வயதொத்த ஒரு லித்துவேனியப் பெண்மணி. ஒருநாள் அவர் தன் மகளும் அவளுடைய சிநேகிதர்களும் வெள்ளிக்கிழமைகளில் வந்து இருக்க ஓர் இடம் கேட்டார். அந்த அறையின் திறப்பைக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என் உத்தியோக வாழ்வில் நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

வந்தவர்கள் ஆறு பேர். ஐந்து பேர், வேலை தேடி இங்கே வந்த லித்துவேனியப் பெற்றோரின் பிள்ளைகள். அதில் நான்கு பேர் தலைமுதல் கால்வரை கறுப்பு: நீள முடி, கனத்த சப்பாத்து, கழுத்தில் ஊர் அம்பர்க் கல்லும் இரும்புச் சங்கிலியும். ஐந்தாமவன் மொட்டைத் தலையும் ட்ராக்சூட்டுமாக இருந்தான். ஆறாவது என் மகள். பல் வைத்தியர் ஒருவரிடம் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்கிறாள். தொழிற்பள்ளியில் அந்தச் சமையலறை அம்மாவின் மகளுக்குப் பக்கத்துக் கதிரை. அப்படித்தான் அவளும் கறுப்பானாள்.

முதல் வெள்ளிக்கிழமை அவர்கள் போட்ட ஹெவி மெட்டல் பாட்டைக் கேட்டு, கொதிகலன் வெடிக்கப் போகிறது என்று கருவிப்பெட்டியுடன் கீழே ஓடினேன். நீள முடிக்காரன் ஒருவன் எழுந்து மரியாதையாகக் கை கொடுத்தான். ஐரோப்பாவிலேயே சமஸ்கிருதத்துக்கு மிக நெருங்கிய மொழி தங்களுடையது, ஆகவே நாங்கள் உறவுக்காரர் என்றான். எனக்கும் சமஸ்கிருதத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை விளக்குவதென்றால் இரண்டாயிரம் வருடம் பின்னால் போக வேண்டும். கொதிகலனின் அளவியைப் பார்க்க வந்த நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மேலே வந்தேன்.

அந்தக் கறுப்புக்கும் ட்ராக்சூட்டுக்கும் என்ன பொருள் என்று சமையலறை அம்மாதான் சொன்னார். நானும் அவரும் பேசுவது ஜேர்மனில். இங்கே அவரையும் அந்தப் பிள்ளைகளையும் என் ஊர்த் தமிழில் பேசவிடுகிறேன்; கோபிக்க மாட்டார்கள்.

"எங்கட காலத்திலை உவை ரெண்டு பகுதியும் ஒரு அறைக்குள்ளை இருக்கிறதை நினைச்சும் பார்க்கேலாது. தொடர்மாடி வாசலிலை மொட்டையள் குந்தியிருந்து சூரியகாந்தி விதை கொறிப்பாங்கள். முற்றத்தைத் தாண்டிப் போகேக்கை ஒரு கேள்வி. நீ ஆர்? அவ்வளவுதான். என்ன பாட்டுக் கேக்கிறாய், ஆரோடை நிக்கிறாய் எண்டதுதான் அதின்ரை அர்த்தம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"எனக்கு இடுப்பு வரைக்கும் தலைமயிர். சொல்லத் தேவையே இருக்கேல்லை." உதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல்வரிசையில் ஒரு பல் மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்தது; கட்டிய பல். "பிறகு அந்த மொட்டையளிலை ஒருத்தனைத்தான் கட்டினன். நாப்பது வயதிலை எல்லா ஆம்பிளையும் மொட்டைதானே."

எங்கள் ஊரிலும் சந்திகளில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்றேன். அங்கே பாட்டுச் சம்பந்தப்படவில்லை. எந்த இயக்கம் என்பதுதான் கேள்வி. தவறான பதிலின் விளைவு பல்லோடு நிற்கவில்லை. அவர் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

இங்கே அவர்கள் ஐந்தே பேர் என்பதால் பகைக்கு ஆள் போதவில்லை. மொட்டையும் நீள முடியும் ஒரே சோபாவில் இருந்தார்கள். பாட்டுக் கேட்டார்கள், ஜாக்கெட்டுகளில் துணிச் சின்னங்களைத் தைத்தார்கள். சில வேளை அவர்களுடைய நாட்டுப் பழம்பாட்டு ஒன்றை ஆளுக்கொரு குரலில் பாடினார்கள். பெரும்பாலும் ஒன்றும் செய்யவில்லை.

என் மகள் பதினைந்து வயதில் நடன வகுப்பை விட்டாள். அடுத்த மாதம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை. கறுப்பு உடுப்போடு விழாக்களுக்கு வந்தால், "வடிவான பிள்ளை, ஏனம்மா இப்பிடி?" என்று நாலு பேர் கேட்பார்கள். பிறகு வருவதையும் விட்டாள். ஏறத்தாழ ஒரு வருடம் எங்கள் வீட்டில் அவளிடமிருந்து கேட்ட சத்தம் அறைக்கதவு பூட்டுப்படும் சத்தம்தான். கீழறை கிடைத்த பிறகு, வெள்ளிக்கிழமைகளில் எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து மேசையில் எங்களோடு இருந்து சாப்பிட்டாள். பேசினாள். யார் என்ன சொன்னார்கள், எந்த நோயாளி வாயைத் திறக்க மறுத்தார், எல்லாம். முதலில் "கறுப்பை உடுத்துக்கொண்டு செத்தவீட்டுக்கே போறாய்?" என்று கேட்ட மனைவி, பிறகு வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் அவளுக்குப் பிடித்த கணவாய் வாங்கத் தொடங்கினாள். எங்கள் இருவருக்கும் அந்த ஒரு மேசை கிழமை முழுவதற்கும் போதுமாக இருந்தது.

பிறகு நிலையத்துக்குப் புதிய மேலாளர் வந்தார். நல்ல மனிதர், பட்டியல் பிரியர். எந்த அறையை யார் பாவிக்கிறார்கள் என்று கேட்டார். கீழறைக்கு நேராக நான் "இளைஞர்கள்" என்று எழுதினேன். எந்த அமைப்பு என்றார். அமைப்பு இல்லை என்றேன். அமைப்பு இல்லாதவர்களுக்கு அறை இல்லை. கோடை வரை அவகாசம் தருகிறேன் என்றார்.

அன்று மாலை மகளிடம் சொன்னேன்.

"நாங்கள் ஒரு குறூப்பே இல்லையப்பா. சும்மா இருக்கிறம்."

"சும்மா இருக்கிறதுக்கு றூம் தரமாட்டினம் பிள்ளை."

"அப்ப வேறை எங்கையும் இருப்பம்."

அந்த "வேறை எங்கையும்" என்னை உலுக்கியது. வேறு எங்கே? என் வெள்ளிக்கிழமை மேசை என்ன ஆவது? "நீ விடு, அப்பா பாக்கிறன்," என்றேன். இந்த வசனத்தை நான் சொன்ன இடங்களை எல்லாம் இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஓரிடத்திலும் நன்மை விளைந்ததாக ஞாபகம் இல்லை.

ஜேர்மனியில் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய ஏழு பேர் வேண்டும். அவர்கள் ஆறு. ஏழாவது நான். ஐம்பத்து மூன்று வயதில், முழங்கால் வலியுடன், ஓர் இளைஞர் குழுவின் தாபக உறுப்பினரானேன். பெயர் இலகுவாக அமைந்தது. அடுத்த கட்டம் "நோக்கம்". சும்மா இருத்தல் என்று எழுதினால் பதிவாளர் சிரிப்பார். அல்லது, ஜேர்மன் பதிவாளர் என்பதால், சிரிக்காமல் திருப்பி அனுப்புவார். பாட்டு என்று எழுதினால் ட்ராக்சூட் பையன் வெளியே போய்விடுவான். அவன் கேட்பது வேறு பாட்டு. மேலாளருக்குப் பண்பாடு பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆறு பேரில் ஐந்து பேர் யார் என்பதும் தெரியும். ஒரு சனிக்கிழமை காலை, தேநீர் ஆறுவதற்குள், "லித்துவேனிய இளைஞர் பண்பாட்டைப் பேணி வளர்த்தல்" என்று எழுதி முடித்தேன். இலக்கணச் சுத்தமான ஜேர்மன். இரண்டு முறை வாசித்து நானே மகிழ்ந்தேன்.

ஆறு பேரும் வாசிக்காமல் கையெழுத்திட்டார்கள். தொலைபேசி எடுக்கும் பழக்கம் உள்ளவள் என்பதால் சமையலறை அம்மாவின் மகள் தலைவியானாள். சில வாரங்களில் முத்திரையுடன் கடிதம் வந்தது. கீழறைக் கதவில் பெயரும் நோக்கமும் எழுதிய பலகையை நானே திருகினேன்.

பலகையை முதலில் வாசித்தவர்கள் நகரத்து லித்துவேனிய மாமிமார். மாமி என்ற சொல் அவர்களுக்கு அப்படியே பொருந்தும். தங்கள் பிள்ளைகள் தாங்களாகவே பண்பாட்டுச் சங்கம் அமைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒருவருக்குக் கண் கலங்கியதாம். இறைச்சி வைத்து அவித்த உருளைக்கிழங்கு உருண்டைகளுடன் வந்தார்கள். அடுத்த வெள்ளி லினன் சட்டைகளும் நெய்த இடுப்புப்பட்டிகளும் வந்தன. அதற்கடுத்த வெள்ளி, வட்டாரக் கோடைவிழாவுக்கான நடன ஒத்திகை. பிள்ளைகள் மரியாதையானவர்கள். மாமிமாருக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வரவில்லை. நீள முடியைப் பின்னிக் கட்டிக்கொண்டு கைகோத்துச் சுற்றினார்கள். அந்த மாமிமாரில் நான் குற்றம் காணமாட்டேன். எங்கள் பொங்கல் விழாவில் நானும் இதையேதான் செய்கிறேன். ஒலிவாங்கி மட்டும் கூடுதல்.

என் மகளைப் பார்த்து ஒரு மாமி அன்பாக, "நீ யாருடைய சிநேகிதி?" என்று கேட்டிருக்கிறார். இவள் சொல்லியிருக்கிறாள். "உதவிக்கு வந்தாயா, எவ்வளவு நல்ல பிள்ளை," என்று சொல்லிப் படம் எடுக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார். இரண்டு வெள்ளிக்கிழமை படம் எடுத்தாள். மூன்றாவது வெள்ளி, நான் வேலை முடிந்து வந்தபோது அவள் சப்பாத்து வாசலில் இருந்தது. அறைக்கதவு பூட்டியிருந்தது. மேசையில் கணவாய் ஆறிக்கொண்டிருந்தது.

கதவடியில் நின்று கேட்டேன்.

"ஏன் பிள்ளை போகேல்லை?"

"அது அவையின்ரை சங்கம் அப்பா."

"உன்ரையும்தான். நீ கையெழுத்து வைச்சனி."

"நோக்கம் எண்ட இடத்திலை என்ன எழுதினனீங்கள்? எடுத்து வாசிச்சுப் பாருங்கோ."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருக்கலாம்.

"அதுக்கென்ன, திருத்தலாம். ‘லித்துவேனிய மற்றும் பிற’ எண்டு போடுவம்."

கதவு கொஞ்சம் திறந்தது. "மற்றும் பிற நானோ?" என்று கேட்டுவிட்டு மறுபடி பூட்டினாள்.

திங்கட்கிழமை சமையலறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்களை முற்றத்திலை மறிச்சுக் கேட்ட அதே கேள்விதான். அவங்கள் விதையைத் துப்பிப்போட்டுக் கேட்டாங்கள். நீர் பேனையாலை கேட்டீர்." கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, "என்ரை மகள் லினன் பாவாடையைக் கண்டால் அழுறாள்," என்றார்.

அந்தக் கிழமையே தலைவியும் ட்ராக்சூட் பையனும் என் வேலையறைக்கு வந்தார்கள். பையன் திறப்பை மேசையில் வைத்தான்.

"இனி நாங்கள் வரமாட்டம். குறை நினைக்காதேங்கோ. நீங்கள் எங்களுக்காகத்தான் செய்தனீங்கள்."

"எங்கை போகப் போறியள்?"

தலைவிதான் சொன்னாள்: "சுப்பர்மார்க்கெற்றுக்குப் பின்னாலை கார் விடுற கட்டடம் இருக்கெல்லே, அதின்ரை மேல் தட்டு. உங்கட மகளுக்கு எழுதினம். பதில் இல்லை. நீங்கள் சொல்லுவியளோ?"

சொன்னேன். ஒரு சொல்லும் சேர்க்காமல், ஒரு யோசனையும் கூறாமல் சொன்னேன். அது எனக்கு இலேசான வேலை அல்ல. மகள் தொலைபேசியை எடுத்து அவர்கள் எழுதியதை வாசித்தாள். பிறகு சப்பாத்தை எடுத்துக் கட்டினாள். அதைக் கட்ட ஐந்து நிமிடம் எடுக்கும். நான் அவ்வளவு நேரமும் நடைவழியில் நின்று, சரியாக எரிந்துகொண்டிருந்த ஒரு மின்குமிழைக் கழற்றிப் பூட்டினேன்.

ஆனால் சங்கம் என்பது ஆட்கள் போனதும் போய்விடும் பொருள் அல்ல. மாமிமார் கோடைவிழாவுக்கு நேரம் வாங்கியிருந்தார்கள். தலைவியின் வீட்டுக்குத் தலைவி என்ற முறையில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. கலைத்துவிடுங்கோ என்று பிள்ளைகள் கேட்டார்கள். கலைப்பதற்கு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நேரில் கூட வேண்டும் என்று நானே எழுதிவைத்திருந்தேன். இலேசில் உடையக்கூடாது என்ற முன்யோசனை. கீழறைக்கு அவர்கள் வரத் தயாரில்லை. வந்தாலும் பயனில்லை, சேதி காதில் விழுந்ததும் மேலாளர் அந்த அறையை முதுகுவலிக்காரர்களின் உடற்பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டார். நல்லவேளையாக, கூட்டம் எங்கே நடக்க வேண்டும் என்று எழுத மறந்திருந்தேன். சங்கம் கலைகிறது என்று மாமிமாரிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். உருண்டை தந்தார்கள். அதைத் தின்றுகொண்டு சொல்வது கடினமாக இருந்தது.

இரண்டு கிழமை முன்னறிவித்தல் கொடுத்து, ஒரு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, கார் விடும் கட்டடத்தின் மேல் தட்டுக்குக் கோப்புடன் போனேன். காற்று நன்றாக அடித்தது. ஆறு பேரும் சுவரோரச் சீமெந்துத் திட்டில் வரிசையாக இருந்தார்கள். லினன் இல்லை. என் மகள் நடுவில் இருந்து யாருடையதோ ஒரு ஜாக்கெட்டின் கையைத் தைத்துக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி நிரலை வாசித்தேன். கோவிலில் பூசை முடியும்வரை பொறுத்திருப்பவர்கள்போலக் கேட்டார்கள். கலைப்பதற்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்தச் சொன்னேன். மகள் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு முதலில் உயர்த்தினாள். மற்ற ஐந்தும் உயர்ந்தன. கடைசியாக என்னுடையது. தாள் பறக்காமல் இருக்க ட்ராக்சூட் பையன் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான். அதன்மேல் வைத்து எல்லோரும் கையெழுத்திட்டார்கள். இம்முறை மகள் முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் இட்டாள்.

"வேறு விடயங்கள் ஏதும் உண்டோ?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

நீள முடிக்காரன் இல்லை என்று தலையசைத்தான். கூட்டம் முடிந்தது. ஒருவரும் எழவில்லை. கோப்பை மூடி, நாடாவைக் கட்டி, மறுபடி அவிழ்த்துக் கட்டினேன்.

"இனி நீங்கள் மெம்பர் இல்லைத்தானே அப்பா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லை."

"அப்ப நீங்கள் வெளிக்கிடுங்கோ. நான் எட்டு மணிக்கு வாறன்."

தமிழில் சொன்னாள். மற்றவர்களுக்கு விளங்கியிருக்காது, அந்த மட்டில் என்னைக் காப்பாற்றினாள். எல்லோருக்கும் கைகாட்டிவிட்டுத் திரும்பினேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. ஆனால் அது மேலே வரும்வரை அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்க வேண்டும். நான்கு மாடியையும் படியால் இறங்கினேன்.