நூல் பிசகாத மேடை

சூலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பிதுரைக்குத் தன்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. அது கொஞ்சம் உயர்ந்த அபிப்பிராயம். மோட்டார் பம்புக்கு அவர் ஷாஃப்ட் கடைந்து கொடுத்தால் ஒரு மயிரிழை பிசகாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் என்ன விழுகிறது என்று பார்க்கமாட்டார், மேசை ஆடுகிறதா என்றுதான் பார்ப்பார். ஆடினால், விரித்திருக்கும் தாளின் ஓரத்தைக் கிழித்து மடித்து மேசைக் காலுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அவர் மனைவி சாந்தாமணி பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகின்றன.

இப்படிப்பட்ட மனிதர் மரத்தில் கை வைத்தார். கிரகம் பிடித்தது அன்றைக்குத்தான் என்று இப்போது அவரே சொல்லிக்கொள்கிறார்.

அவருக்கு ஒரே மகள், புவனா. வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை அங்கே புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். சமையலறை மேடைக்குக் கல்லுக்குப் பதிலாகக் கனமான மரப்பலகை போட வேண்டும் என்பது புவனாவின் ஆசை. பாத்திரம் வைத்தால் சத்தம் வராது, பார்க்கவும் இதமாக இருக்கும் என்று போனில் படம் படமாகக் காட்டினாள். மாமியார் பாவாத்தாளுக்கு இதில் துளியும் சம்மதமில்லை.

"மரத்து மேல அடுப்ப வெக்கறதுங்களா? நாலு நாள் தண்ணி பட்டா ஊறிப் போயிருமுங்க" என்றார் பாவாத்தாள். மருமகளின் முகம் சுருங்கியதும் அவரே ஒரு வழியும் சொன்னார். "சரி அம்மணி, உன்ற ஆசையக் கெடுப்பானேன். புண்ணியார்ச்சனைக்கு மரமே இருக்கட்டும். அன்னைக்கு வர்ற ஒறம்பரை பாத்துச் சிரிக்காம போனாங்கன்னா மரம். சிரிச்சுப்போட்டாங்கன்னா அடுத்த வாரமே கிரானைட்டு. கல்லுக்காரருகிட்டச் சொல்லி வெச்சுட்டேன்."

புண்ணியார்ச்சனை என்றால் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடி புகும் நாள். ஒறம்பரை என்றால் சொந்தபந்தம். சொந்தபந்தம் ஒரு விசேஷத்துக்கு வந்து எதையும் பார்த்துச் சிரிக்காமல் போன சரித்திரம் கொங்கு நாட்டில் கிடையாது. ஆகவே கிரானைட் வருவது ஏறக்குறைய உறுதியாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, வீட்டு வேலையைப் பார்க்க வந்திருந்த தம்பிதுரை வாயைத் திறந்தார். "ஆசாரியெல்லாம் எதுக்குங்க? சீரோட சீரா மேடைய நானே செஞ்சு கொண்டாந்துபோடறேன்."

வீம்புக்குச் சொன்னது பாதி. மீதிப் பாதிக்கு வேறு காரணம். புவனா எதையும் வாய்விட்டுக் கேட்கிற பெண் அல்ல. கல்யாணப் புடவைகூட அம்மா எடுத்ததைக் கட்டிக்கொண்டாள். அவளாகக் கேட்டது இந்த ஒன்றுதான். அது ஒரு வாரத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கொல்லையில் கிடக்கக்கூடாது என்று அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

பாவாத்தாள் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு, "ஒண்ணே ஒண்ணுங்க சம்பந்தி" என்றார். "தண்ணித் தொட்டிப் பக்கம் கொஞ்சம் வாட்டம் குடுத்துப்போடுங்க. சிந்துனது தானா ஓடீரோணும்."

தம்பிதுரை சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவருக்கு இப்போதும் காது சூடாகிறது. "வாட்டஞ் சாட்டமெல்லாம் கொத்தனாரு சமாச்சாரமுங்க. நம்ம வேலைல லெவல்னா லெவல்" என்றார்.

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய மரம் விற்கும் அப்துல் மஜீத் கடையில் பலகை பார்க்கப் போனார். இடித்த வீட்டு உத்தரங்களை அறுத்த நல்ல தேக்கு. தம்பிதுரை சட்டைப் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்துப் பலகையின் கனத்தை அளந்தார். ஒரு முனையில் அளந்தார், மறுமுனையில் அளந்தார், நடுவில் அளந்தார், மூன்றும் மூன்றாக வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க, மரம் வாங்க வந்தீங்களா, மோதரம் வாங்க வந்தீங்களா?" என்று கேட்டார் மஜீத்.

"ரெண்டுக்கும் அளவு ஒண்ணுதான் பாய்" என்றார் தம்பிதுரை. மஜீத் அடுத்த பலகையை இழுத்துப் போட்டார். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்த கடை அது.

பலகைகளை இழைத்து, பக்கவாட்டில் பசை தடவி, ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். இறுக்கிப் பிடிக்கப் பட்டறையிலேயே கிளாம்ப் செய்துகொண்டார். பாலம் கட்டினாலும் தாங்கக்கூடிய கிளாம்ப். இரும்பை முறுக்குகிற முறுக்கில் முறுக்கியதில், தடவிய பசையெல்லாம் வெளியே பிதுங்கித் தரையில் சொட்டியது. மறுநாள் கழற்றினார். பலகைகள் ஒட்டவில்லை. தரை ஒட்டியிருந்தது. அவருடைய இடது கால் செருப்பும் அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டாம் தடவை ஒழுங்காக ஒட்டியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டறையிலிருந்த பெரிய வெர்னியரால் அகலத்தை அளந்து, சுவரில் எழுதி வைத்தார். அந்த வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் மறுபடி அளந்தார். அகலம் கூடியிருந்தது. தம்பிதுரை வெர்னியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், துணியால் துடைத்தார், பிறகு கோயம்புத்தூருக்குக் காரை ஓட்டிப்போய்ப் புது வெர்னியர் வாங்கி வந்தார். புதியதும் அதையே சொன்னது. கம்பெனியே மோசம் என்று சாப்பிடும்போது புலம்பினார்.

சாந்தாமணி ரசம் ஊற்றிக்கொண்டே, "மழைக்கு மரம் உப்பாதுங்களா?" என்றார். "நம்மூட்டுப் பொறக்கடைக் கதவ மழைக்காலத்துல எப்புடித் தொறக்கறீங்க?"

உதைத்துத் திறப்பார். முப்பது வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கதவை உதைத்துத்தான் திறக்கிறார். உதைக்கும்போது ஒரு நாளாவது காரணத்தை யோசித்திருந்தால் ஒரு வெர்னியர் மிச்சமாகியிருக்கும். ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து பட்டறைக்குப் போனார். பலகையை இரும்புச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்கு வட்டமாகப் போட்டிருந்த துளைகளை, மரம் அசைய இடம் விட்டு நீளமாக அராவினார். மனிதர் வீம்புக்காரர்தான், ஆனால் முட்டாள் அல்ல. அல்லது, அவர் சொல்வதுபோல், தாமதமான முட்டாள்.

அடுத்து எண்ணெய். மரத்துக்குப் பளபளப்பு வர ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். "என்ற தலைக்கு ஒரு நாளாச்சும் இப்புடி எண்ணெ தேச்சுவுட்டிருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார் சாந்தாமணி. முழுக்கக் காய ஒரு மாதம் ஆகும் என்று டின்னில் போட்டிருந்தது. புண்ணியார்ச்சனைக்கு ஒரு வாரம்கூட இல்லை.

மேடையை வெள்ளகோவிலுக்கு வேனில் ஏற்றிப்போய்ப் பொருத்தினார். கிழக்குச் சுவரை ஒட்டி மேடை. அதன் தென்கோடியில் அடுப்பு, வடகோடியில் தண்ணீர்த் தொட்டி. சட்டத்தின் கால்களுக்கு அடியில், லேத் மெஷினுக்கு வைப்பதுபோல, திருகினால் ஏறி இறங்கும் போல்ட்டுகள் வைத்திருந்தார். கொத்தனார் வைக்கும் ரசமட்டத்தை அவர் மதிப்பதில்லை. மெஷின் நிறுத்தும்போது வைக்கிற லெவலைப் பலகை மேல் வைத்து, குப்புறப் படுத்துத் திருகி, எழுந்து பார்த்து, மறுபடி படுத்துத் திருகி, குமிழி நட்டநடுவில் வந்து நின்றதும்தான் விட்டார். ஒரு கோலிக்குண்டை மேடை மேல் வைத்தார். அது வைத்த இடத்தில் நின்றது. தம்பிதுரைக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

புண்ணியார்ச்சனை விடிகாலையில். சமையலறை கொள்ளாத கூட்டம். பெண்களெல்லாம் மேடையைத் தொட்டுப் பார்த்தார்கள். "பரவால்லீங்களே, நல்லாத்தான் இருக்குது" என்று யாரோ சொன்னது பாவாத்தாள் காதிலும் விழுந்தது. தம்பிதுரை பட்டு வேட்டியில், கண்ணாடி மேல்தட்டு வைத்த புது அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். புவனா பாலை ஏற்றினாள்.

பால் விளிம்புவரை ஏறியது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தம்பிதுரைக்குப் பால் தெரியவில்லை. இன்னும் காயாத எண்ணெயும், அதன்மேல் கொதிக்கக் கொதிக்க வழியப்போகும் பாலும், வரப்போகும் வெள்ளைத் தழும்பும்தான் தெரிந்தன. அவர் நினைக்கவில்லை, கைதான் போயிற்று. அடுப்பை அணைத்துவிட்டார்.

பால் அடங்கிப் பாத்திரத்துக்குள் போய் உட்கார்ந்தது. கூட்டமும் அப்படியே அடங்கியது.

"ஏனுங்க சம்பந்தி" என்றார் பாவாத்தாள், குரலை உயர்த்தாமல். "பால் பொங்கறதுக்குத்தானுங்க காச்சறது."

"தெரியாம கை பட்டுப்போச்சுங்க" என்றார் தம்பிதுரை. சாந்தாமணி கூட்டத்துக்குள்ளிருந்து வந்து, அவர் தோளைப் பிடித்து இரண்டடி தள்ளி நிறுத்தி, "கையக் கட்டிக்கிட்டு அக்கட்டால நில்லுங்க" என்று பல்லைக் கடித்தார். புவனா மறுபடி பற்றவைத்தாள்.

இந்தத் தடவை பால் பொங்கியது. கண்ணாடி மேல் வழிந்து, மேடையில் இறங்கி, ஒரு தட்டு அகலத்துக்குப் பரவியது. இனிமேல்தான் முக்கியமான கட்டம். பொங்கிய பால் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். கிழக்கு நல்லது, அங்கே சுவர். வடக்கும் நல்லது. மற்ற திசைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. பெண்கள் குனிந்தார்கள்.

பால் ஓடவில்லை.

"எந்தப் பக்கமுங்க போகுது?"

"போகவே காணமுங்க."

"கொஞ்சம் பொறுங்க, போகும்." பொறுத்தார்கள். பால் வட்டமாக, அமைதியாக, வைத்த கோலிக்குண்டுபோல நின்றது. பின்வரிசையில் ஒரு கிழவர், "பாலு யோசன பண்ணுதாட்ட இருக்குது" என்றார். ஒருவர் சிரித்தார். அப்புறம் நாலு பேர். அப்புறம் சமையலறையே சிரித்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் விநாடியில் தம்பிதுரைக்குப் பெருமைதான் வந்தது. பாலுக்கே வழி தெரியாத அளவுக்கு ஒரு லெவல்! இந்த ஜில்லாவில் வேறு எவன் வைப்பான் என்று மார்பு விரிந்தது. அடுத்த விநாடி அவர் புவனாவைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. மேடையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒறம்பரை சிரித்துவிட்டது. இனிமேல் கல்.

விரிந்த மார்பு அப்படியே இறங்கிவிட்டது. தம்பிதுரை வேட்டியை மடித்துக் கட்டினார். விசேஷ வீடானாலும் ஸ்பேனர் இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை. இடுப்பிலிருந்து அதை உருவிக்கொண்டு, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே தவழ்ந்து, தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்தார். வடகோடிக் கால்களின் நட்டைத் தளர்த்தி, போல்ட்டை இறக்கினார். ஒரு சுற்று.

"இப்பங்க?" என்று கீழிருந்து கேட்டார்.

"இல்லீங்க" என்றார்கள்.

இன்னொரு சுற்று. தலைமுடி அளவுக்குப் பிசகினாலே சோறு இறங்காத மனிதர், நூல் நூலாகத் தன் லெவலைத் தானே கெடுத்தார். "இப்பங்க?" என்றார். "இல்லீங்க." முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மறுபடி முன்னால்.

மேலே திடீரென்று ஒரே கூச்சல். "போகுதுங்க! வடக்க போகுது, வடக்க போகுது!" யாரோ கை தட்டினார்கள். பால் மேடையின் நீளத்துக்கும் மெல்ல ஓடி வந்து, தொட்டி விளிம்பின் சந்தில் இறங்கி, தம்பிதுரையின் நெற்றியில் சொட்டியது. ஒரு சொட்டு, அப்புறம் இன்னொன்று.

மேடைக்குக் கீழே ஒரு முகம் குனிந்தது. பாவாத்தாள்.

"ஏனுங்க சம்பந்தி, வாட்டம் குடுத்துப்போட்டீங்களா?"

"குடுத்துப்போட்டனுங்க."

"அன்னைக்கே சொன்னனுங்களே."

"சொன்னீங்க. நாந்தானுங்க மண்டைக்கனத்துல கேக்கல."

பாவாத்தாள் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. "பால் ஓடற தெசைய ஸ்பேனர் போட்டுத் திருப்புன ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நிமிர்ந்து, மேலே மருமகளிடம் சொல்வது கீழே கேட்டது. "அந்தக் கல்லுக்காரருக்குப் போனப் போட்டு வர வேண்டாம்னு சொல்லீரு கண்ணு. இப்புடிப் படுத்துப் பொரண்டு செஞ்ச மேடைய எவ பேத்தெடுப்பா?"

புவனாவின் கை மட்டும் மேடைக்குக் கீழே வந்து, துழாவி, அப்பாவின் நெற்றியைக் கண்டுபிடித்து, வழிந்த பாலைத் துடைத்தது. பால் நின்ற பிறகும் அவர் முகம் ஈரமாகவே இருந்தது.

"வெளிய வாங்கப்பா" என்றாள்.

"போ கண்ணு, வாரேன்" என்றார் தம்பிதுரை. "ஒரு நட்டு மட்டும் இறுக்கோணும்."

எல்லா நட்டையும் அவர் எப்போதோ இறுக்கி முடித்திருந்தார்.